இரு கடல் மேல்துண்டு: பொருள் சுமக்கும் ஆடையை வரைந்து தைக்கும் முறை

தோளில் துண்டு போடத் தக்கவர் யார், அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியவர் யார் என்பதை ஊரே தீர்மானித்த காலம் இராமநாதபுரம் சீமைக்கு அவ்வளவு பழையது அன்று. 1930 டிசம்பரில் இம்மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது, பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். ஆகவே மேலே போடும் துணியில் சின்னம் தைக்கத் தொடங்குபவர், அந்தத் துணியைப் போட்டுக்கொள்வதே ஒரு சொல்லாக இருந்த மண்ணில் வேலை செய்கிறார் என்பதை அறிந்திருப்பது நல்லது. ஊசி எடுப்பதற்கு முன்பே துணி ஏதோ சொல்லிவிடுகிறது. நாம் அதனோடு சேர்த்துச் சொல்லப் போவது குறைவாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும்.

இங்கே விளக்கப்படுவது ஆணும் பெண்ணும் அணியக்கூடிய ஒரு பருத்தி மேல்துண்டு. கருப்பட்டியும் துருப்பிடித்த இரும்பும் சேர்ந்த கறுப்பு மையால் கோடு வரைந்து, நூலால் நிறம் கொடுத்து, இரு நுனிகளிலும் நீளவாட்டில் ஓடும் பாவு நூலை வலைக் கண்ணியாக முடிந்து முடிப்பது இதன் முறை. தையல் பழக்கம் ஓரளவு உள்ள எவரும் செய்யலாம். ஆனால் அவசரப்படுபவருக்கு ஏற்றதன்று. மை புளிப்பதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகும்.

கிழக்கு நோக்கி நிற்பவரின் தோள்

பாம்பன் தீவில் கிழக்கு நோக்கி நின்றால் இடக்கைப் பக்கம் வடகடல், அதாவது பாக் விரிகுடா. வலக்கைப் பக்கம் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. கழுத்தைச் சுற்றிப் போட்ட துண்டின் இரு நுனிகளும் மார்பின் இரு பக்கமும் தொங்குவதால், இடப்பாதி வடகடலாகவும் வலப்பாதி தென்கடலாகவும் பின்கழுத்து இடையிலுள்ள நிலமாகவும் தாமே அமைந்துவிடுகின்றன. முழு வடிவமைப்பும் இந்த ஓர் ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது. எதிரே நின்று பார்ப்பவருக்கு இடமும் வலமும் மாறித்தான் தெரியும். யாருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று கேட்டால், அணிபவருக்கே என்பது என் முடிவு. ஆடை அவர் உடம்பில் இருக்கிறது. பார்ப்பவர் தெரிந்துகொள்ள விரும்பினால் கேட்டுக்கொள்ளட்டும்.

இரு கடலும் ஒரே நேரத்தில் ஒரே குணத்தில் இருப்பதில்லை. ஐப்பசி முதல் மார்கழி, தை வரை வாடைக் காற்று வீசும்போது வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் ஒப்பீட்டளவில் அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் நிலைமை தலைகீழாகும். நாட்டுப்படகுக்காரர்கள் பருவத்துக்கு ஏற்பப் படகைக் கரை மாற்றுவது இதனால்தான். ஆகவே யாருக்காகத் துண்டு செய்கிறோமோ அவர் பிறந்த மாதத்தையோ, அவர் வீட்டில் மறக்க முடியாத நிகழ்ச்சி நடந்த மாதத்தையோ கேட்டு, அந்தப் பருவத்தில் எந்தக் கடல் கொந்தளித்திருக்குமோ அந்தப் பாதியில் அலையை நெருக்கமாகவும் மறுபாதியில் அகலமாகவும் வைத்தால், ஒரு பெயரோ தேதியோ எழுதாமலே அந்தத் துண்டு ஒருவருக்கு உரியதாகிவிடும்.

எந்தச் சின்னம், எத்தனை

மூன்றுக்கு மேல் வேண்டாம். சங்கும் பனையும் படகும் பாலமும் கோபுரமும் கலங்கரை விளக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால் அது சுற்றுலாக் கடையில் தொங்கும் பையாகிவிடும். அணியப் போகிறவரோடு உட்கார்ந்து, வீட்டுக்குச் சோறு போட்டது எது, வீடு இழந்தது எது, இப்போது காக்க நினைப்பது எது என்று மூன்று கேள்விகள் கேட்டாலே போதும். சின்னங்கள் அந்தப் பதில்களிலிருந்து வரும்.

சங்கை எடுத்துக்கொள்வோம். கீழக்கரைப் பக்கம் தலைமுறைகளாகச் சங்குகுளித்த குடும்பங்கள் உண்டு. அங்கே எடுத்த சங்கு வங்காளத்துக்குச் சென்று, மணமான பெண்கள் அணியும் வளையலானது. துணியில் சங்கு வரைபவர் பெரும்பாலும் யோசிக்காமல் வலம்புரிச் சங்கு வரையவே விரும்புகிறார், ஆனால் கைக்கு வருவது என்னவோ இடம்புரியாகத்தான் இருக்கிறது. அடையாளம் எளிது: சங்கின் நீண்ட வால்முனை மேலே இருக்க, வாய் நம்மை நோக்கியிருக்கும்படி பிடித்தால், வாய் வலப்பக்கம் அமைந்தது வலம்புரி; இடப்பக்கம் அமைந்தது இடம்புரி. காகிதத்தில் சரியாக வரைந்துவிட்டு, படியெடுக்கும்போது காகிதத்தைக் கவிழ்த்து வைத்தால் வலம்புரி இடம்புரியாகிவிடும். அதனால் காகிதத்தின் மேல்மூலையில் ஏதாவது ஓர் எழுத்தை எழுதி வையுங்கள். எழுத்து நேராகத் தெரிந்தால் சங்கும் நேராக இருக்கிறது. இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்குகுளித்த குடும்பத்துக்குத் துண்டு செய்வதாக இருந்தால் இடம்புரியையே தைப்பதுதான் பொருத்தம். வலம்புரி இலட்சத்தில் ஒன்றாகக் கிடைக்கும் அதிர்ஷ்டம். உலை வைத்தது இடம்புரி.

காக்க நினைப்பது எது என்ற கேள்விக்குப் பலர் ஆவுளியா என்கிறார்கள். கடற்பசு என்று புத்தகங்கள் குறிக்கும் அந்த உயிரினம் வடகடலின் ஆழமற்ற கடற்புல் படுகைகளில் மேய்வது. 2022இல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாக அறிவித்தது. ஆகவே அதற்குரிய இடம் துண்டின் இடப்பாதி. வரையும்போது முதுகில் துடுப்பு வைக்காதீர்கள். முதுகுத் துடுப்பு ஓங்கிலுக்கு, அதாவது டால்பினுக்கு உரியது, ஆவுளியாவுக்கு இல்லை. முகவாய் கீழ்நோக்கி, புல்லைக் கவ்வுவது போல மழுங்கியிருக்க வேண்டும். வால் கிடைமட்டமாக இரு பிளவாக விரியும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் கண்ணே வைக்காவிட்டாலும் கடலோடிகள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தென்கடல் பக்கம், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருக்கின்றன. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வலப்பாதியின் கீழ் விளிம்பில் அவற்றை 21 சிறு வட்டங்களாக வைக்கலாம். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டதால், 19 வட்டங்களை நூலால் நிரப்பி, இரண்டை வெறும் கோடாக விட்டுவிடுங்கள். பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் அமிழ்ந்ததற்கு ஒரு காரணம் என்பது கரையில் எல்லோரும் அறிந்ததுதான். அந்த வெற்று வட்டத்தைக் காட்டி ஒரு குழந்தை ஏன் என்று கேட்டால் அதைச் சொல்லலாம்.

பின்கழுத்துக்கு ஒரு சாண் அகலத்தில் ஒரு கட்டம் போதும். அது அணிபவர் கண்ணில் படாது; பின்னால் வருபவர் மட்டுமே பார்ப்பார். வீடு இழந்ததை நான் அங்கேதான் வைப்பேன். தனுஷ்கோடிக் குடும்பம் என்றால், 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அழிந்த இருப்புப்பாதையை இரு இணைகோடுகளாக வரைந்து, குறுக்குக் கட்டைகளைச் சிறு கோடுகளாக்கி, ஒரு கோட்டைக் கட்டத்தின் முக்கால் பங்கில் நிறுத்திவிடலாம். இரயில் பெட்டியையோ அலையையோ வரையத் தேவையில்லை.

ஒன்றைத் தவிர்க்குமாறு வேண்டுகிறேன்: இறைவடிவம், மறைமொழி, சிலுவை, நாமம், பிறை ஆகியவற்றைத் துண்டில் தைக்க வேண்டாம். ஏர்வாடி தர்காவில் போர்த்தும் போர்வைக்கும் தேர்ச்சீலைக்கும் அவற்றுக்கென ஒழுங்கு இருக்கிறது. அவை ஓரிடத்தில் இருந்து வணங்கப்படுபவை. மேல்துண்டோ வியர்வை துடைக்கும், பேருந்து இருக்கையில் இடம் பிடிக்கும், தூங்கும் பிள்ளையின் தலைக்கு அணையாகும். அந்தப் பயன்களுக்கெல்லாம் கூசாமல் இடம் கொடுக்கும் சின்னம்தான் இதற்கு ஏற்றது.

துணி

பரமக்குடி, எமனேஸ்வரம் கைத்தறிகள் அருகில் இருக்கும்போது விசைத்தறித் துணியைத் தேடிப் போக வேண்டியதில்லை. சாயமிடாத, வெளுக்காத பருத்தி. நாற்பது அல்லது அறுபதாம் நம்பர் நூல். இரண்டு மீட்டர் நீளம், அறுபது முதல் எழுபது சென்டிமீட்டர் அகலம். அதைவிட மெல்லிய நூலில் நெய்தது ஊசிக்கு இழுபடும். தடித்தது கழுத்தில் மடியாது. நெசவாளரிடம் முன்கூட்டியே சொல்லி, இரு நுனிகளிலும் குறுக்கு நூலான ஊடையை ஓட்டாமல் ஒன்றேகால் சாண் பாவு நூலை விட்டு நெய்து தரச் செய்யுங்கள். “அண்ணே, ரெண்டு துண்டுக்கு நடுவுல ரெண்டரைச் சாண் பாவு விட்டிருங்க” என்று கேட்டால் புரிந்துகொள்வார். அந்த இடத்தில் நூல் வீணாவதற்கு உரிய கூலியைச் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். நெய்து முடித்த துணியில் பின்னர் ஊடையை உருவியும் நுனி விடலாம், ஆனால் அது கண்ணுக்கும் பொறுமைக்கும் கேடு.

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா என்ற அளவில் கலந்து அரைமணி நேரம் கொதிக்க வைத்து அலசி, ஒரு சொட்டு நீரைத் துணிமேல் விட்டுப் பாருங்கள். சொட்டு உடனே உறிஞ்சப்பட்டால் கஞ்சி போய்விட்டது. முத்தாக நின்றால் இன்னொரு முறை கொதிக்க வேண்டும். இங்கே நீர் பற்றி ஒரு வார்த்தை. கடலோரக் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் வரும் நீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் உடையது. சில இடங்களில் இரும்பும் கலந்திருக்கும். மை பிடிப்பதற்காகப் பின்னர் கடுக்காயில் தோய்க்கும் துணியை இரும்பு நீரில் நனைத்தால் முழுத் துணியும் சாம்பல் நிறமாகிவிடும். ஊருணி நீரோ பிடித்து வைத்த மழைநீரோ போதுமான அளவு கிடைக்கும்வரை வேலையைத் தள்ளிப்போடுவதே மேல்.

கருப்பட்டி மை

இந்த மை தயாரிப்பைக் கலம்காரி செய்பவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். இதற்கு வேண்டிய இரண்டு பொருள்களும் நம் கரையில் தாராளமாகக் கிடைக்கின்றன. கால் கிலோ துருப்பிடித்த இரும்பு, எழுபத்தைந்து கிராம் கருப்பட்டி, ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நல்ல நீர், ஒரு மண்பானை. பழைய ஆணி, சங்கிலித் துண்டு, நங்கூரத்தின் உடைந்த கொக்கி எதுவும் ஆகும். ஆனால் படகு ஆணிகளில் பல துத்தநாகப் பூச்சு உடையவை. அவை வெள்ளையாகப் பூத்திருக்கும், உதவா. பெயின்ட்டும் டீசலும் படிந்த இரும்பை நெருப்பில் சுட்டு, ஆறவிட்டுத் தேய்த்த பிறகே போடுங்கள்.

கருப்பட்டியைத் தட்டிக் கரைத்து வடிகட்டி, இரும்பின் மேல் ஊற்றி, பானை வாயைத் துணியால் கட்டி நிழலில் வைக்க வேண்டும். மூடியை இறுக்கினால் உள்ளே காற்று சேர்ந்து பொங்கும், துணிதான் சரி. இரண்டு மூன்று நாளில் நுரை கிளம்பும், கள் புளிப்பது போன்ற வாடை வரும், பின்னர் காடியாகும். அந்தப் புளிப்பில்தான் இரும்பு கரைகிறது. நாளுக்கு ஒரு முறை குச்சியால் கலக்கிவிடுங்கள். வெயில் காலத்தில் இரண்டு வாரம், வாடைக் காலத்தில் மூன்று வாரம் கழிந்து நுரை அடங்கியதும், கடுக்காய் தோய்த்த ஒரு துண்டுத் துணியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு முதலில் வெளுத்த பழுப்பாகத் தெரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்க வேண்டும். கறுக்கவில்லையென்றால் இன்னும் சில நாள் விடலாம். கறுத்தால் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டிக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

துணியைக் கடுக்காயில் தோய்க்காமல் இந்த மை பிடிக்காது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேரும்போதுதான் கறுப்பு பிறக்கிறது. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் ஐம்பது கிராமை ஒன்றரை லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி, கால் லிட்டர் காய்ச்சாத எருமைப்பாலைக் கலந்துகொள்ளுங்கள். பாலில் உள்ள கொழுப்பு மை பரவாமல் தடுக்கும். தண்ணீர் கலந்த பாலில் கோடு எறும்புக்கால் போலப் பரவிவிடும். துணியைக் கால்மணி நேரம் புரட்டிப் புரட்டி ஊறவைத்துப் பிழிந்து, மடிப்பு விழாமல் விரித்து வெயிலில் காய வையுங்கள். மடிந்து காய்ந்த இடம் வரைந்த பிறகு திட்டாகத் தெரியும். துணி இலேசான மஞ்சள் நிறம் பெறும்; பால் வாடை சில நாள் இருக்கும், அலசினால் போய்விடும்.

எழுதுகோலுக்கு மூங்கில் குச்சியை எழுத்தாணி போலச் சீவி, கூர்முனையிலிருந்து மூன்று விரற்கடை மேலே கம்பளித் துணியைச் சுற்றி நூலால் கட்டுங்கள். மையில் தோய்த்து, கம்பளியை விரலால் மெல்ல அழுத்தினால் மை முனைக்கு இறங்கும். முதலில் பழைய துணியில் அரைநாள் கோடு இழுத்துப் பழகுங்கள். கோடு மெல்லியதாக இருப்பது அழகுக்காக மட்டுமன்று. இரும்பு மை காலப்போக்கில் பருத்தி இழையை அரித்துப் பலவீனமாக்கும் தன்மை உடையது. பெரிய பரப்பை இதனால் நிரப்பினால் அந்த இடம் சில ஆண்டுகளில் கிழியத் தொடங்கும். ஆகவே வெளிக்கோடு மட்டும் மை, உள்நிறம் நூல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரைந்து முடித்ததும் ஒரு நாள் காயவிட்டு, ஓடும் நீரிலோ பலமுறை மாற்றிய நீரிலோ கறுப்பு இறங்குவது நிற்கும்வரை அலசிவிட வேண்டும்.

வரைவதற்கு முன் துணியை ஒருவர் கழுத்தில் போட்டுப் பார்த்துச் சாக்குக்கட்டியால் இடம் குறித்துக்கொள்வது அவசியம். மேசையில் விரித்த துணியில் நடுவாகத் தெரிவது, தோளில் மடிந்தால் மடிப்புக்குள் போய்விடும். பெரும்பாலானோருக்கு மார்பெலும்புக்குக் கீழே ஒரு சாண் முதல் இரண்டு சாண் வரைதான் விரிந்து தெரியும். முதன்மைச் சின்னங்களை அங்கே வையுங்கள்.

நூல் வேலை

மேல்துண்டு காற்றில் புரளும், உள்பக்கமும் தெரியும். அதனால் இரு முகமும் ஒன்றுபோல் அமையும் இரட்டை ஓட்டத் தையலையே பெரிதும் பயன்படுத்துங்கள். வழக்கமான ஓட்டத் தையலில் ஒரு முறை போய், விட்ட இடைவெளிகளை நிரப்பிக்கொண்டு அதே துளைகள் வழியே திரும்பி வருவதுதான் அது. நூல் முடிச்சு போடாமல், நுனியைத் தையலுக்குள் நான்கைந்து குத்து ஓட்டி மறைக்க வேண்டும். ஆறு இழை எம்பிராய்டரி நூலில் இரண்டு இழையைப் பிரித்து எடுத்தால் போதும். நீலகிரியில் தோடர் பெண்கள் படியெடுக்காமல் இழை எண்ணியே கறுப்பும் சிவப்புமாகத் தைக்கும் பூத்குளிப் போர்வையைப் பார்த்தவர்களுக்கு, சட்டமும் கார்பன் காகிதமும் இல்லாமலே இவ்வேலை நடக்கும் என்பது தெரியும். ஆனால் வளைந்த உருவங்களுக்கு நமக்கு வளையச் சட்டம் தேவைப்படும்.

அடங்கிய கடலுக்கு ஒரு விரற்கடை இடைவெளியில் நீண்ட, ஏறக்குறைய நேரான கோடுகள். கொந்தளிக்கும் கடலுக்கு அரிசி அகல இடைவெளியில் ஏறி இறங்கும் முறிகோடுகள்; உச்சிகள் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. நிறத்தில் வடகடலுக்குச் சேறு கலந்த பச்சையும் தென்கடலுக்கு ஆழ்ந்த நீலமும் பொருந்தும். வடகடல் ஆழமற்றது, தென்கடல் விரைவில் ஆழமாவது என்பதால் இது வெறும் ரசனை அன்று. அவுரி நீல நூல் வாங்கினால் ஈர வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்து, நிறம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகே துணியில் ஓட்டுங்கள்.

சங்கு போன்ற உருவத்துக்கு இருமுகத் தையல் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது: ஒரு முகத்தில் வலம்புரி என்றால் மறுமுகத்தில் அதே கோடு இடம்புரி. துண்டை எப்படி வேண்டுமானாலும் புரட்டிப் போட்டால் இரு கடலும் இடம் மாறிவிடவும் கூடும். பின்கழுத்துக் கட்டத்தின் மேல் விளிம்பில் சிவப்பு நூலில் மூன்று குத்து வைத்துவிடுங்கள். அந்தக் குத்து கழுத்தை ஒட்டியும் வெளிமுகத்திலும் இருக்கும்படி போட்டால் எல்லாம் தத்தம் இடத்தில் இருக்கும்.

பாசி எடுக்கும் பெண்கள் உள்ள வீடாக இருந்தால் தையலை விட வலுவான ஒரு வழி உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலுக்குள் இறங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறிக்கும் பெண்கள், பாறையும் பவளமும் விரலைக் கிழிக்காதபடி துணிக் கீற்றுகளை ஒவ்வொரு விரலிலும் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். பல நாள் உழைத்த கீற்று ஒன்று கிடைத்தால், அதில் விரல் மடியும் இடம் வெளுத்தும், பாறை உரசிய பக்கம் நூல் நூலாகப் பிரிந்தும், முடிச்சு விழுந்த இடம் மட்டும் பழைய நிறத்தோடும் இருப்பதைக் காணலாம். அதைத் துண்டில் ஒட்டுத் துணியாக வைத்துத் தைக்கலாம். “அக்கா, தூக்கிப் போடுற கீத்து ஒண்ணு தாங்க” என்று கேட்டு வாங்கி, எங்கே வைக்கப் போகிறோம் என்பதையும் சொல்லிவிடுவது முறை. சிலர் கொடுக்க விரும்பமாட்டார்கள், அதோடு விட்டுவிட வேண்டும். கிடைத்த கீற்றை நல்ல நீரில் இரண்டு நாள் நீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை முழுதும் எடுத்துவிடுங்கள். உப்பு தங்கினால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துச் சுற்றியுள்ள துணியில் கறை படியச் செய்யும். பிரிந்த விளிம்பை மடித்து மறைக்காதீர்கள். அப்படியே வைத்து, மெல்லிய நூலால் நெருக்கமான சாய்தையல் போட்டு நிறுத்துங்கள்.

விளிம்புக்கு ஓலைக் கொட்டான் பின்னலை நினைவூட்டும் கட்டம் வைக்கலாம்: நான்கு இழை மேலே, நான்கு இழை கீழே என்று ஊசியை ஓட்டி, அடுத்த நான்கு வரிசைக்கு மாற்றி ஓட்டினால் பனையோலைப் பின்னல் போலத் தெரியும். வேறு கரை வடிவங்கள் வேண்டுபவர்கள் இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசச் சுவரோவியங்களில் உள்ள உருவங்களின் உடைகளைக் கவனித்துப் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களான அவற்றில் உடைகளின் கரையும் பூவும் நிதானமாக நின்று பார்க்கத் தக்கவை.

நுனியை வலையாக முடிதல்

விட்டு வைத்த பாவு நூலை முதலில் பன்னிரண்டு பன்னிரண்டு இழைகளாகப் பிரித்து, ஊடை அவிழாதபடி துணியின் ஓரத்தை ஒட்டி ஒவ்வொரு கற்றைக்கும் ஒரு முடிச்சு போடுங்கள். பிறகு ஒவ்வொரு கற்றையையும் ஆறு ஆறாகப் பிரித்து, முதல் கற்றையின் வலப்பாதியையும் இரண்டாம் கற்றையின் இடப்பாதியையும் சேர்த்து முடிய வேண்டும். இப்படியே வரிசை முழுவதும். அடுத்த வரிசையில் அவற்றை மீண்டும் பிரித்துப் பக்கத்துப் பாதியோடு சேர்த்தால் சாய்சதுரக் கண்ணிகள் உருவாகும். நான்கு வரிசை போதும். கண்ணிகள் ஒரே அளவில் அமைய, இரண்டு விரல் அகல மூங்கில் பட்டையை முடிச்சுகளுக்கு இடையே வைத்து அதன் விளிம்பில் முடிச்சை இறுக்குங்கள். வலை பின்னுபவர்களும் கண்ணி அளவுக்கு இப்படித்தான் பட்டை வைத்துக்கொள்வார்கள். நூலை நனைத்து முடிந்தால் முடிச்சு நழுவாது. பாதுகாப்பான இடத்தில் துணியைக் கனமான பலகையின் கீழ் அழுத்தி வைத்துவிட்டு முடிவது எளிது. மடியில் வைத்து முடிந்தால் வரிசை கோணும். கண்ணியைச் சிறிதாக்கினால் வேலைப்பாடு அழகாகத் தெரியும் என்று சிலர் நினைக்கிறார்கள். குஞ்சு மீன் வரை வாரும் வலையைக் கரையில் யாரும் மெச்சுவதில்லை. துண்டிலும் கண்ணி அகலமாகவே இருக்கட்டும்.

கொடுப்பதும் பேணுவதும்

மேடையில் போர்த்தும் சரிகைச் சால்வைகள் பெரும்பாலும் அன்று இரவே பீரோவுக்குள் போய், அடுத்த விழாவில் வேறொருவர் தோளுக்கு ஏறுகின்றன. இந்தத் துண்டை அப்படிக் கொடுக்க வேண்டாம். அணியப் போகிறவரின் வீட்டில், எந்தப் பாதி எந்தக் கடல், கட்டத்தில் கோடு ஏன் நின்றுவிட்டது, மூன்று சிவப்புக் குத்து எதற்கு என்பதை ஒரு முறை வாயால் சொல்லிக் கொடுங்கள். படகுகள் கரையேறியிருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்கு வசதியானது. விசைப்படகு வீடுகளில் அப்போதுதான் எல்லோரும் பகலில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

துவைப்பதற்குப் பூந்திக்கொட்டை நீர் சிறந்தது. ப்ளீச் கூடவே கூடாது, எலுமிச்சையும் புளியும் பட்டால் இரும்புக் கறுப்பு வெளுத்துவிடும். மீன் குழம்பு சிந்தினால் உடனே வெறும் நீரில் அலசி விடுங்கள், தேய்க்க வேண்டாம். கடற்காற்றில் அணிந்து வந்த நாளில் நல்ல நீரில் ஒரு முக்கு முக்கி நிழலில் உலர்த்துவது வழக்கமாகட்டும். இஸ்திரி போடுவதாக இருந்தால் உள்முகத்தில், ஈரம் இருக்கும்போதே போட வேண்டும். மடித்து வைக்கும்போது ஒவ்வொரு முறையும் மடிப்பை மாற்றுங்கள்; மைக்கோட்டின் மேல் எப்போதும் ஒரே மடிப்பு விழுந்தால் இழை அந்த இடத்தில்தான் முதலில் அறும். நுனியில் கண்ணி அறுந்தால் அதே நம்பர் பருத்தி நூலை எடுத்து, அறுந்த முடிச்சுக்கு இரண்டு முடிச்சு முன்னதாகவே பிரித்துப் புது நூலைச் சேர்த்து முடியுங்கள். நிறம் சற்று வேறுபட்டால் பாதகமில்லை.